ஒரே மரத்தின் தை மாதுளையும் ஆடி மாதுளையும்

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

நிலாவெளியிலிருந்து நீங்கள் எழுதிய கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். மற்ற வாசகர்களுக்காக அதன் சாரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 2019இல் உங்கள் வளவில் நான்கு மாதுளைகளை வைத்தீர்கள். இரண்டு, பகவா இனம் என்று நாற்றுமேடையில் வாங்கிய, மரத்தின் கிளையை வேர்விடச் செய்து எடுத்த பதிக்கன்றுகள். ஒன்று, சாம்பல்தீவில் அம்மம்மா வீட்டு வேலியோரம் நின்ற பழைய மரத்திலிருந்து வெட்டி வந்த தடி. நான்காவது, சந்தைப் பழத்தின் விதையைப் பிள்ளைகள் போட்டு முளைத்தது. முந்திய ஆண்டு தை, மாசியில் பறித்த பகவாப் பழங்கள் உள்ளே இரத்தச் சிவப்பாகவும் நல்ல இனிப்பாகவும் இருந்தன. சென்ற ஆண்டு ஆடி, ஆவணியில் அதே இரு மரங்களும் தந்த பழங்களோ வெளிறிப் புளித்தன. கடைசிவரை மரத்தில் விட்ட சில பழங்களின் முத்துகள் பழுப்பேறிக் குழைந்திருந்தன. விதைக்கன்று மரத்தின் பழம் எக்காலத்திலும் பல்லுக்கு வலிக்கும் விதையோடு வருகிறது. அம்மம்மாவின் மரம் வெளிறிய முத்தோடு எப்போதும் இனிக்கிறது. நாற்றுமேடைக்காரர் ஏமாற்றினாரா, மண் கெட்டுவிட்டதா, அல்லது ஆண்டுக்கு ஆண்டு மாதுளை இப்படித்தான் மாறுமா என்று கேட்கிறீர்கள். மரங்களை வெட்டிவிட்டுத் தேசி வைக்கலாம் என்று கணவர் சொல்வதையும், கும்புறுப்பிட்டிக் காணியில் கால் ஏக்கருக்கு 40 மாதுளை நாட்டும் எண்ணத்தைக் கைவிடுவதா என்ற தயக்கத்தையும் எழுதியிருக்கிறீர்கள்.

மரங்களை வெட்ட வேண்டாம். நீங்கள் எழுதிய விவரங்களை வைத்துப் பார்த்தால், நாற்றுமேடைக்காரர் உங்களை ஏமாற்றவில்லை. தை மாதத்தில் அந்த மரங்கள் தந்த பழமே அதற்குச் சாட்சி. மாறியது ஆண்டு என்று நீங்கள் நினைக்கிறீர்கள். நான் மாறியதாகக் காண்பது, பழம் முற்றிய மாதம். குளிர்காலமும் கோடையும் தெளிவாகப் பிரிந்த நாடுகளில் மாதுளை ஆண்டுக்கு ஒருமுறை பூத்து, இலையுதிர்காலக் குளிர்ச்சியில் பழுக்கும். நம் ஊரில் அதற்கு அப்படியொரு கட்டுப்பாடு இல்லை. மழை விட்ட பின் மாசியில் பூக்கும், இடையில் ஒரு மழை கிடைத்தாலும் பூக்கும், ஆவணியிலும் பூக்கும். ஆகவே திருகோணமலையில் ஒருவர் ‘இந்த வருசப் பழம் சரியில்லை’ என்று சொன்னால், எந்தப் பூவின் பழம், அது எந்த மாதத்தில் முற்றியது என்று கேட்ட பிறகுதான் நான் மேற்கொண்டு பேசுவேன்.

இதை விளக்க, ஒரு பழத்தின் தரம் என்று நாம் மொத்தமாகச் சொல்வதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். முத்தின் நிறம், இனிப்பு, புளிப்பு, விதையின் வன்மை, பழத்தின் பருமன் ஆகியவற்றை ஆள்வது ஒரே காரணமன்று. முத்துக்குச் சிவப்பைத் தருவது அந்தோசயனின் என்னும் நிறமி. அதை எவ்வளவு உண்டாக்க முடியும் என்பது இனத்தின் இயல்பு. அந்த இயல்பில் எவ்வளவு வெளிப்படும் என்பதைப் பழம் முற்றும் வாரங்களின் வெப்பம் தீர்மானிக்கிறது. வெப்பம் கூடினால் நிறமி குறையும். இதம் கூடினால் நிறமி கூடும். திருகோணமலையில் தை மாதத்தில் நண்பகல் வெப்பநிலை சராசரியாக 28 பாகை செல்சியசை ஒட்டியே நிற்கும். ஆனி முதல் ஆவணி வரை அது 34, 35 பாகைக்கு ஏறுவதோடு, மேற்கேயிருந்து வரும் கச்சான் காற்று இலையிலும் மண்ணிலும் உள்ள ஈரத்தை உறிஞ்சிவிடும். ஒரே மரம், ஒரே மண், ஒரே பசளையாக இருந்தாலும், மாசியில் பூத்து ஆடியில் முற்றிய பழம் வெளிறியும், ஆவணியில் பூத்து மாசியில் முற்றிய பழம் சிவந்தும் இருப்பதற்கு இந்த வேறுபாடே போதும். இஸ்ரேலில் ஒரே இனத்தை வெவ்வேறு மாதங்களில் அறுவடை செய்து பார்த்தவர்களும் இதையே கண்டார்கள். மகாராட்டிர மாநிலத்து விவசாயிகள் பூக்கும் பருவத்தை மூன்றாகப் பிரித்து, அவற்றுள் ஒன்றை மட்டும் தெரிந்து பயிர் செய்வதன் பின்னாலும் இந்த அனுபவம் இருக்கிறது. அங்கு புரட்டாசி, ஐப்பசியில் பூக்கவைத்துப் பங்குனியை ஒட்டிப் பறிக்கும் பழத்துக்கே நல்ல நிறம் என்ற பெயர் உண்டு.

நிறத்தைச் சொல்லிவிட்டேன். ஆனால் உங்கள் ஆடிப் பழம் ஏன் புளித்தது என்பதற்கு வெப்பம் காரணமாகாது. வெப்பத்தில் முற்றும் பழத்தில் புளிப்பமிலம் பொதுவாக விரைவாகக் குறையும். வெளிறிய பழம் சப்பென்றுதான் இருக்க வேண்டும், புளிக்கக் கூடாது. இதற்கான விடை உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில் கிடைத்தது: ‘அணிலும் கிளியும் கொத்த முன்னம் பறித்து, பழுக்கட்டும் என்று அரிசிப் பெட்டிக்குள் வைத்தேன்.’ மாம்பழமும் வாழைப்பழமும் பறித்த பின் பழுக்கும். மாதுளை அப்படிப் பழுக்காது. காம்பிலிருந்து நறுக்கிய நிமிடத்தில் எவ்வளவு இனிப்பு இருந்ததோ அவ்வளவுதான். அரிசிப் பெட்டியில் எத்தனை நாள் வைத்தாலும் தோல் காயுமே தவிர, முத்துக்குச் சர்க்கரை வந்து சேராது. கடுங்கோடையில் தோலின் வெயில் பக்கம் மஞ்சளும் சிவப்புமாக நிறம் காட்டி நம்மை ஏமாற்றும். உள்ளே காய் முற்றியிருக்காது. அப்படி முந்திப் பறித்த பழம் புளித்தது. பயந்து பறிக்காமல் விட்ட பழம் அளவுக்கு மீறி முற்றி, உள்ளே முத்து பழுத்துக் குழைந்தது. இரண்டுக்கும் நடுவில் இருந்த சரியான இரண்டு வாரங்கள் உங்கள் கையிலிருந்து நழுவிவிட்டன.

அந்த இரண்டு வாரங்களைக் கண்டுபிடிக்க வழி உண்டு. பூ விரிந்து அடி பருக்கத் தொடங்கும் நாளில் அந்தக் கிளையில் ஒரு வண்ண நூலைக் கட்டி, நாளைக் குறித்து வையுங்கள். பகவா இனத்துக்கு அந்த நாளிலிருந்து ஏறக்குறைய ஆறு மாதம் தேவை. கணேஷ் போன்ற இனங்கள் ஒரு மாதம் முந்தியே முற்றிவிடும். நாள் நெருங்கும்போது பழத்தைக் கையில் ஏந்திப் பாருங்கள். உருண்டையாக இருந்த காய், உள்ளே முத்துகள் நிறைந்து நெருக்குவதால் பக்கங்கள் தட்டையாகி, விளிம்பு விளிம்பாகக் கையில் தட்டுப்படும். தோலின் மினுமினுப்பு அடங்கும். பழத்தின் தலையில் அரசனின் முடி போல் விரிந்திருந்த இதழ்கள் உள்நோக்கி வளையும். விரலால் சுண்டினால், பச்சைக் காயின் மந்தமான ஒலிக்குப் பதிலாகத் தகரத்தைத் தட்டியது போன்ற ஒலி கேட்கும். இந்த அடையாளங்களில் மூன்றேனும் தென்படும்வரை கத்தரிக்கோலை எடுக்க வேண்டாம். அணிலுக்கும் கிளிக்கும் பயந்தால், காய் தேசிக்காய் அளவுக்கு வந்ததும் வெள்ளைப் பருத்தித் துணிப்பையைக் கட்டிவிடுங்கள். வெயிற்சூட்டால் தோல் கருகுவதையும், காயைத் துளைக்கும் வண்ணத்துப்பூச்சி முட்டையிடுவதையும் அந்தப் பை தடுக்கும். பொலித்தீன் பை மட்டும் வேண்டாம். உள்ளே ஆவி கட்டி, பழம் அவிந்ததுபோல் ஆகிவிடும்.

இனி இனங்களைப் பற்றி. சிவந்த முத்துதான் இனிக்கும் என்ற எண்ணம் நம் சந்தையில் ஆழப் பதிந்திருக்கிறது. அது தவறு என்று உங்கள் அம்மம்மாவின் மரமே சொல்கிறது. கலிபோர்னியாவில் 1896 முதல் பயிராகும் வொண்டர்புல் என்ற இனத்தின் முத்து கடுஞ்சிவப்பு. சுவையோ இனிப்புக்குச் சமமாகப் புளிப்பும் சேர்ந்தது. ஸ்பெயினின் எல்சே வட்டாரத்து மொல்லார் இனத்தின் முத்து வெளிர் இளஞ்சிவப்பு. புளிப்பே இல்லாத இனிப்பு, விதையும் மென்மை. மாதுளையில் உள்ள சர்க்கரை பெரும்பாலும் குளுக்கோசும் புறக்டோசும்தான். இனிப்பு இனத்துக்கும் புளிப்பு இனத்துக்கும் சர்க்கரையின் அளவில் பெரிய வேறுபாடு இருப்பதில்லை; வேறுபடுவது சித்திரிக் அமிலத்தின் அளவு. இனிப்பு இனங்களில் அது சாற்றில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. புளிப்பு இனங்களில் இரண்டைத் தாண்டும். நாக்கு உணர்வது சர்க்கரைக்கும் அமிலத்துக்கும் உள்ள விகிதத்தை. ஆகவே, இனிப்பைக் கூட்ட வேண்டும் என்று பசளையைக் கூட்டுவது, புளிப்பு இனத்தை இனிப்பு இனமாக மாற்றிவிடாது.

விதையின் வன்மையை எடுத்துக்கொண்டால், அதை முக்கியமாக ஆள்வது பரம்பரை இயல்பு. புனேயில் 1936இல் சீமா என்ற ஆய்வாளர், ஆலந்தி இனத்து விதைக்கன்றுகளிலிருந்து தெரிவு செய்ததே பின்னாளில் கணேஷ் என்று பெயர் பெற்ற இனம். மெல்லிய விதை, நல்ல இனிப்பு, ஆனால் முத்து வெளிர் நிறம். அதைக் குல்-ஏ-ஷா ரெட் என்ற, கடுஞ்சிவப்பு முத்தும் வலிய விதையும் கொண்ட இனத்தோடு கலந்து, சிவப்பும் மென்மையும் ஒன்றாகச் சேர்ந்த வாரிசுகளைத் தேடியபோது கிடைத்தவையே மிருதுளா, அரக்தா, பகவா ஆகியவை. மகாராட்டிரத்தின் ராகுரி வேளாண் பல்கலைக்கழகத்திலிருந்து பகவா வெளிவந்தபோது 2000ஆம் ஆண்டு கடந்திருந்தது. ஓர் இனத்தின் பெயருக்குப் பின்னால் இத்தனை ஆண்டுகளின் தெரிவு இருக்கிறது. அந்தப் பழத்தின் விதையை மண்ணில் போடும்போது சேர்ந்திருந்த இயல்புகள் மறுபடி பிரிந்து, ஒவ்வொரு விதையும் தனக்கென ஒரு சேர்க்கையோடு முளைக்கிறது. உங்கள் பிள்ளைகளின் மரம் வலிய விதையைத் தந்தது அப்படித்தான். அதற்காக விதைக்கன்றுகளை இழிவாகப் பேச எனக்கு மனம் வராது. கணேஷும் ஒரு காலத்தில் விதைக்கன்றுதான். ஆனால் அந்த ஒன்றைத் தெரிவு செய்யப் பல கன்றுகளை வளர்த்து ஒதுக்க வேண்டியிருந்தது. ஒரு வளவில் ஒரு கன்றை வைத்துக்கொண்டு அந்த அதிர்ஷ்டத்தை எதிர்பார்க்க முடியாது. அந்த மரம் பிள்ளைகளுக்குரியது. நிற்கட்டும், சாறு பிழியப் பயன்படும்.

இதில் ஒரு நுணுக்கத்தையும் சொல்ல வேண்டும். வறட்சியில் முற்றிய பழத்தைச் சாப்பிட்டுவிட்டு, ‘இந்த முறை விதை முற்றிப் போச்சு’ என்று பலர் சொல்வார்கள். விதை பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். நீர் போதாமல் முத்தின் சாறு குறைந்து, சதை மெலிந்து, உள்ளே இருக்கும் விதை பெரிதாகத் தெரிகிறது. நூறு முத்துகளை எண்ணி நிறுத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். நிலாவெளியின் மணற்பாங்கான தரையில், ஆனிக்குப் பின் கிணற்று நீர் உவர்க்கும் இடங்களில் இந்தக் குறை அதிகம். மாதுளை ஓரளவு உவர்ப்பைத் தாங்கும் மரம். தாங்குகிறது என்பதால் பாதிக்கப்படவில்லை என்று பொருளல்ல. இலை நுனி கருகத் தொடங்கினால், கிணற்று நீரின் உவர்ப்பை அளந்து பார்க்கச் சொல்லி உங்கள் பிரிவின் விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள். மரத்தைச் சுற்றித் தென்னந்தும்பும் உலர்ந்த இலையும் நான்கு அங்குலத் தடிப்புக்குப் போட்டு, கூட்டெருவைக் கூட்டுங்கள். பொட்டாசியம் தேவைப்பட்டால், உவர் மணலில் குளோரைட்டு வடிவத்தைவிடச் சல்பேற்று வடிவமே பாதுகாப்பானது.

உண்மையாகவே ஆண்டைப் பொறுத்த வேறுபாடும் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையே கரையேறியது. அப்படிப்பட்ட காற்று இலைகளைப் பிய்த்துக்கொண்டு போனால், காய் மரத்தில் தப்பி நின்றாலும் அதற்குச் சர்க்கரையைச் சமைத்துக் கொடுக்க இலை இல்லை. அந்தப் பருவத்துப் பழம் சப்பென்றுதான் இருக்கும். பூக்கும் வாரங்களில் மழை பிடித்துக்கொண்டால் பூவின் வழியே பூஞ்சணம் நுழைந்து, வெளியே குறையில்லாத பழத்தின் நடுவில் கரிய அழுகல் வரும். நீண்ட வறட்சிக்குப் பின் முற்றும் தறுவாயில் திடீர் மழை விழுந்தால், விறைத்த தோல் உள்ளே பெருக்கும் முத்துகளுக்கு இடங்கொடாமல் வெடிக்கும். மரத்தின் வயதும் கணக்கில் வர வேண்டும். முதல் இரண்டு காய்ப்பை வைத்து எந்த மாதுளையையும் நான் மதிப்பிடுவதில்லை.

இதை நான் அறிந்துகொண்ட விதம் இன்னும் மனதில் உறுத்துகிறது. பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில், தம்பலகாமத்தில் ஒரு பெரியவர் மூன்று வயது மரத்தின் பழம் இரண்டைக் கொண்டுவந்து காட்டினார். வெளிறிய முத்து, மெலிந்த சதை. ஆவணி மாதத்துப் பழம் என்பதை நான் கேட்கவில்லை. இனம் சரியில்லை ஐயா, எடுத்துவிடுங்கள் என்று சொன்னேன். அவர் என் சொல்லை நம்பி வெட்டினார். அதே தாய் மரத்தில் பதிவைத்த இன்னொரு கன்று அவருடைய மகளின் வளவில் நின்றது. மறு மாசியில் அதிலிருந்து அவர் எனக்குக் கொண்டுவந்த பழத்தை என் மேசையிலேயே வெட்டினோம். முடியைச் சுற்றி வட்டமாகத் தோலைக் கீறி, வெள்ளைச் சவ்வின் வழியே பிளந்தபோது, உள்ளே அடுக்கடுக்காக, கத்தி பட்ட இடத்தில் விரலைச் சிவக்கவைத்த முத்துகள். அவர் என்னை ஒரு வார்த்தையும் கடிந்து பேசவில்லை. அன்றிலிருந்து மூன்று காய்ப்பைப் பார்க்காமல், அதிலும் ஒரு காய்ப்பாவது தை, மாசியில் முற்றியதாக இல்லாமல், ஒரு மரத்தையும் வெட்டச் சொன்னதில்லை.

ஆகவே உங்கள் இரண்டு பகவா மரங்களிலும் நீங்களே ஒரு சோதனையைச் செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன். இப்போது சித்திரை, மாசியில் பூத்த காய்கள் தேசிக்காய் அளவில் நிற்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு மரத்தில் அவற்றை விட்டுவையுங்கள். ஆனால் கொத்தாக நிற்பவற்றில் ஒன்றை மட்டும் விட்டு மற்றவற்றைக் கிள்ளி, மேற்கு வெயில் நேரே படும் காய்களையும் நீக்கி, எஞ்சியவற்றுக்குத் துணிப்பை கட்டி, நீரைத் தவறாமல் விடுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை அளவாக விடுவது, வாரத்துக்கு ஒருமுறை நிறைய விடுவதைவிட மணலுக்கு ஏற்றது. மற்ற மரத்தில் இப்போதுள்ள காய்கள் அனைத்தையும் நீக்கிவிடுங்கள். மனம் கேளாது என்று தெரியும், இருந்தாலும் செய்யுங்கள். ஆனி நடுப்பகுதியிலிருந்து நான்கு வாரங்களுக்கு அந்த மரத்துக்கு நீரை நிறுத்துங்கள். கச்சான் காற்றில் இலை பழுத்து உதிரத் தொடங்கும். அதைக் கண்டு அஞ்ச வேண்டாம். பிறகு காய்ந்த குச்சிகளையும் அடியிலிருந்து கிளம்பும் போத்துகளையும் நறுக்கி, நன்கு உக்கிய மாட்டெரு இரண்டு கூடை போட்டு, முதல் நாள் கொஞ்சமும் பின்னர் படிப்படியாகக் கூடுதலாகவும் நீர் விட்டால், ஒரு மாதத்துக்குள் பூ வரும். ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன் காய் பிடித்துவிட வேண்டும்; அதற்குத்தான் இந்த நாட்கணக்கு. பூக்களில் அடி பருத்து மண்பானை போல் இருப்பவைதான் காய்க்கும். அடி ஒடுங்கி மணி போல் இருப்பவை ஆண் தன்மையுள்ளவை, அவை உதிர்வது இயற்கை. பூ உதிர்கிறது என்று ஆண்டுதோறும் எனக்கு வரும் கடிதங்களில் பாதி இந்த மணிப் பூக்களைப் பற்றியவை.

ஆவணியில் முதல் மரத்தில் ஆறு பழங்களைப் பறியுங்கள்: வெளிப்பக்கத்தில் இரண்டு, உள்நிழலில் இரண்டு, மேற்கிளையில் இரண்டு. ஒவ்வொன்றையும் நிறுத்து, ஒரு சட்டி நீருக்குள் வைத்துப் பிரியுங்கள். முத்துகள் அடியில் தங்கும், சவ்வு மிதக்கும். நூறு முத்துகளின் நிறை, சாற்றின் நிறம், இனிப்பு, புளிப்பு ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதுங்கள். சாற்றின் இனிப்பை அளக்கும் பிரிக்ஸ் மானி தெரிந்தவர்களிடம் இருந்தால் ஒரு நாள் இரவல் வாங்குங்கள். 12, 13 என்று காட்டும் சாற்றுக்கும் 15, 16 என்று காட்டும் சாற்றுக்கும் உள்ள வேறுபாடு நாக்குக்கும் நன்றாகத் தெரியும். மாசியில் இரண்டாவது மரத்தில் அதேபோல் ஆறு பழங்கள், அதே இடங்களிலிருந்து. ஒரு பழத்தை வெட்டி ஒரு மரத்துக்குத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பதால்தான் ஆறு கேட்கிறேன். உள்நிழல் பழமும் வெளிப்பழமும் ஒரே நாளில் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதைப் பார்க்கும்போது உங்களுக்கே வியப்பாக இருக்கும்.

கும்புறுப்பிட்டிக் காணியைப் பற்றிக் கடைசியாக. 16 அடிக்கு ஒன்று என்று வைத்தால் கால் ஏக்கருக்கு 40 மரம் சரியான கணக்கு. ஆனால் இந்த ஆண்டு 40ஐயும் நாட்ட வேண்டாம். மழைக்கு முன் 15 குழிகளை வெட்டி எருவிட்டு வையுங்கள். பத்துக்குப் பகவாப் பதிக்கன்றுகள் போதும். அவற்றை, தாய் மரத்தையும் அதன் பழத்தையும் காட்டக்கூடிய இடத்தில் வாங்குங்கள். சந்தைக்குப் போவது சிவப்பு முத்துதான், அதில் வாங்குபவரோடு வாதாடிப் பயனில்லை. மற்ற ஐந்து குழிகளுக்கும் அம்மம்மாவின் மரத்திலிருந்து பென்சில் தடிப்புள்ள முற்றிய தடிகளை வெட்டி வேர்விடச் செய்யுங்கள். கச்சானிலும் உவரிலும் அத்தனை ஆண்டு நின்று, எந்த மாதத்திலும் இனிப்புக் குறையாத மரம் அது. சாம்பல்தீவில் அந்த வேலியோர மரம் இன்னும் நிற்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. நின்றால் இந்த மாதமே போய் இன்னும் சில தடிகளை எடுத்து வாருங்கள். மீதி 25 குழிகளுக்கு என்ன வைப்பது என்பதை, மாசியில் உங்கள் கொப்பியின் இரண்டு பக்கங்களையும் எனக்கு அனுப்பிய பின் சேர்ந்து முடிவு செய்வோம்.